கொழும்பில் முதல் கமராவும் முதல் ஜிபிஎஸ் கருவியும்: வாங்குமுன்னும் வாங்கிய பின்னும்

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஒரு சுற்று, கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவில் ஒரு சுற்று, புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் இன்னொரு சுற்று. இவ்வளவு சுற்றினாலே புதிதாக வாங்க வந்தவருக்குத் தலை கிறுகிறுத்துவிடும். சட்டைப்பையில் அடங்கும் கமரா, தலைக்கவசத்தில் மாட்டும் கமரா, 360 பாகை கமரா, காரின் முன்கண்ணாடியில் ஒட்டும் டேஷ்கேம், கையில் கட்டும் ஜிபிஎஸ் கடிகாரம் என்று கண்ணாடி அலுமாரிகள் நிரம்பிக் கிடக்கின்றன. எதை வாங்கலாம் என்று சொல்லும் வீடியோக்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் எடுக்கப்பட்டவை. கொழும்பின் ஈரக்காற்று, கடல் உப்பு, உச்சி வெயில், நமது மின்சாரம் எதுவும் அந்த வீடியோக்களின் கணக்கில் வருவதில்லை. முதன்முறை வாங்குபவர் இந்த ஊருக்கு ஏற்றபடி எப்படித் தேர்ந்தெடுப்பது, வாங்கியதை எப்படிப் பழக்கிக்கொள்வது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதற்படி: வேலையைத் தீர்மானியுங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு தாளை எடுத்து, அடுத்த ஆறு மாதத்தில் உண்மையில் எதைப் படம்பிடிக்கப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். தங்கையின் கல்யாணமா, வெள்ளவத்தைக் கடற்கரையில் ஓடும் பிள்ளைகளா, மோட்டார் சைக்கிளில் மலையகப் பயணமா, சமையல் வீடியோவா? எழுதிய வேலைக்குத்தான் கருவி. "எல்லாவற்றுக்கும் பயன்படும்" என்று விற்கப்படும் கருவியை வாங்குகிறவர்கள், பெரும்பாலும் எதற்கும் முழுமையாகப் பயன்படாத ஒன்றைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

ஒரு கமரா இருட்டில் எப்படிப் படமெடுக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது சென்சரின், அதாவது வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லின், பரப்பளவு. ஓர் அங்குலம் எனப்படும் சென்சர் 13.2 × 8.8 மில்லிமீற்றர்தான். ஏபிஎஸ்-சி வகைச் சென்சர் ஏறத்தாழ 23.5 × 15.6 மில்லிமீற்றர், பரப்பளவில் முன்னையதைப்போல் மூன்று மடங்கு. முழுச்சட்டகச் சென்சரோ 36 × 24 மில்லிமீற்றர். கல்யாண மண்டபம், கோவில் உள்வீதி, மாலை நேர விருந்து போன்றவைதான் உங்கள் வேலை என்றால் ஏபிஎஸ்-சி சென்சர் உள்ள, லென்ஸ் மாற்றக்கூடிய கமராவைப் பாருங்கள். சோனி இஸட்வி-ஈ10, கெனன் ஆர்50, நிக்கோன் இஸட்30 ஆகியவை இந்த வகையில் புதியவர்களுக்கு ஏற்றவை. கூடவே எஃப் 1.8 அளவுள்ள (இந்த எண் சிறிதாகச் சிறிதாக உள்ளே வரும் வெளிச்சம் கூடும்), சூம் இல்லாத ஒரு லென்ஸ் வாங்கினால், பெட்டியோடு வரும் லென்ஸ் திணறும் இடத்தில் அது கைகொடுக்கும்.

நடந்துகொண்டே பேசி எடுப்பவருக்கு டிஜேஐ ஒஸ்மோ பொக்கெட் 3 வகைக் கமரா பொருத்தம். 2023இல் வந்த இதில் ஓர் அங்குலச் சென்சரும், கைநடுக்கத்தை எதிர்கொள்ளும் மூன்று அச்சுக் கிம்பலும் உள்ளன. ஆனால் மழையில் நனையவிடக் கூடாது. மழை, கடல், மோட்டார் சைக்கிள் என்றால் கோப்ரோ போன்ற அக்‌ஷன் கமராதான். ஹீரோ 13 பிளாக், மேலுறை எதுவும் இல்லாமல் 10 மீற்றர் ஆழம்வரை தாங்கும். சுற்றிலும் எல்லாப் பக்கத்தையும் ஒரே நேரத்தில் பதியும் 360 பாகைக் கமரா பயணப் பிரியர்களுக்கு மகிழ்ச்சி தரும் கருவி என்றாலும், எடுத்த பின் கணினியிலோ தொலைபேசியிலோ உட்கார்ந்து தொகுக்கப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவருக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கையிலுள்ள பணம் முழுவதையும் கமராவிலேயே கொட்டிவிடாதீர்கள். கால்வாசியைத் தனியே எடுத்துவைத்தால்தான் மெமரி கார்ட், இரண்டாவது பற்றரி, மைக், ஈரம் புகாத பெட்டி ஆகியவற்றை வாங்க முடியும். இவை இல்லாத கமரா இந்த ஊரில் அரைக் கமரா.

இரண்டாம் படி: கடையில் கேட்க வேண்டியவை

இங்கே ஒரே கமராவுக்கு இரண்டு விலை இருப்பதற்குக் காரணம் வாரண்டி. உள்ளூர் முகவர் மூலம் வந்த பொருளுக்கு முகவர் வாரண்டி; வெளிநாட்டிலிருந்து கடைக்காரரே வரவழைத்ததற்குக் கடை வாரண்டி. இரண்டாவது மலிவு. பழுதானால் கடைக்காரர்தான் பார்க்க வேண்டும். கடை மூடப்பட்டால் வாரண்டியும் போயிற்று. மலிவானதை வாங்குவது தவறல்ல, தெரிந்து வாங்க வேண்டும். ஆகவே நேரே கேளுங்கள்:

"நானா, இது முகவர் வாரண்டியா, கடை வாரண்டியா?"

"கடை வாரண்டி தம்பி, ஒரு வருடம். பழுதானால் மாற்றித் தருவோம்."

"மாற்றித் தருவீர்களா, திருத்தித் தருவீர்களா? அதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதித் தாருங்கள்."

நேர்மையான வியாபாரி தயங்காமல் எழுதித் தருவார். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள். இந்த ஊரில் கடைக்குக் குறைவில்லை. சொன்ன விலையில் 18 சதவீத வற் வரி அடங்குகிறதா, கார்டில் கட்டினால் விலை கூடுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பற்றுச்சீட்டில் கமராவின் தொடர் இலக்கம் இருக்க வேண்டும். பிணக்கு வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அப்போது உங்கள் பக்கம் நின்று பேசுவது அந்தச் சீட்டுத்தான்.

ஜப்பானிலிருந்து வந்த, பாவித்த கமராக்கள் நல்ல நிலையிலும் நல்ல விலையிலும் கிடைக்கும். இரண்டு விடயங்களைப் பாருங்கள். ஜப்பானியச் சந்தைக்காகத் தயாரிக்கப்பட்ட சோனி கமராக்கள் பலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும், மாற்ற முடியாது. மொழித் தெரிவைத் திறந்து பார்த்துவிட்டே பணத்தை எடுங்கள். அடுத்தது லென்ஸில் பூஞ்சணம். லென்ஸைக் கமராவிலிருந்து கழற்றி, இரு பக்க மூடியையும் எடுத்து, ஒரு பக்கத்திலிருந்து தொலைபேசியின் டோர்ச்சை அடித்து மறுபக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். சாதாரண வெளிச்சத்தில் பளிங்குபோல் தெரிந்த கண்ணாடியில் சிலந்தி நூல் போன்ற மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். தூசிப் புள்ளிகள் இரண்டொன்று இருந்தால் கவலையில்லை. நூல் தெரிந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

புதியது என்று தரப்படுவதைக் கடையிலேயே திறந்து இயக்கிப் பாருங்கள். டிஜேஐ, இன்ஸ்டா360 போன்ற நிறுவனங்களின் கமராக்களை முதல் முறை இயக்கும்போது தொலைபேசிச் செயலி மூலம் செயற்படுத்தச் சொல்லும். அப்படிக் கேட்காமல் நேரே வேலைசெய்தால், உங்களுக்கு முன்பே யாரோ அதைத் திறந்திருக்கிறார்கள்.

படம் எடுக்கவென்று நல்ல கைத்தொலைபேசியை வாங்குகிறவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்ஈஐ எண்ணை, ஐஎம்ஈஐ என ஆங்கில எழுத்துகளில் தட்டி ஓர் இடைவெளி விட்டு அதன்பின் எழுதி, 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா என்ற பதில் வரும். பணம் கைமாறுமுன் செய்ய வேண்டிய வேலை இது.

மூன்றாம் படி: மெமரி கார்ட்

இதில் ஏமாறுவது மிக எளிது. கார்டின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகம், வாசிக்கும் வேகம். வீடியோவுக்கு வேண்டியது இடைவிடாது எழுதும் வேகம். வி30 என்ற குறியீடு செக்கனுக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்று உறுதி சொல்கிறது. 4கே வீடியோவுக்கு அது போதும். செக்கனுக்கு 100 மெகாபிட்டில் எடுத்தால் 64 ஜிபி கார்டில் சுமார் 85 நிமிடம் அடங்கும். பெரிய கார்ட் ஒன்றைவிட நடுத்தரக் கார்ட் இரண்டு நல்லது. ஒன்று பழுதானாலும் நாள் முழுவதும் எடுத்தது போய்விடாது.

போலிக் கார்ட்டின் ஆபத்து, முதல் சில நாட்கள் ஒழுங்காக வேலைசெய்வதுதான். 128 ஜிபி என்று காட்டும், உள்ளே உண்மையில் 16 ஜிபிதான் இருக்கும். அந்த அளவு நிரம்பிய பின் எடுப்பவை எல்லாம் பாழ். வீட்டுக்கு வந்ததும் விண்டோஸ் கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மெக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருளால் கார்டை முழுவதும் நிரப்பி வாசித்துப் பாருங்கள். சில மணி நேரம் எடுக்கும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம்.

நான்காம் படி: முதல் நாள் அமைப்புகள்

நமது மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அதனால் பல மின்குமிழ்களின் வெளிச்சம் செக்கனுக்கு 100 முறை கூடிக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு கமராவுக்குத் தெரியும். 60 ஹேர்ட்ஸ் நாடுகளுக்கென்று அமைந்த கமராவில் செக்கனுக்கு 30 அல்லது 60 பிரேமில், ஷட்டர் (ஒவ்வொரு பிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/60 செக்கனில் எடுத்தால், மண்டபச் சுவரில் கருங்கோடுகள் மேலும் கீழுமாக ஊரும். பிறகு தொகுக்கும்போது அதை நீக்குவது பெரும்பாடு. மெனுவில் அலைவு தடுப்பு (Anti-Flicker) என்ற பகுதியில் 50 ஹேர்ட்ஸைத் தெரிவுசெய்யுங்கள். சில கமராக்களில் அது PAL என்று இருக்கும். பிறகு 25 அல்லது 50 பிரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100. ஏற்கெனவே 30 பிரேமில் எடுத்துக்கொண்டிருந்தாலும் ஷட்டரை 1/50இலோ 1/100இலோ வைத்தால் கோடு வராது. கொழும்பில் எடுக்கப்பட்ட கல்யாண வீடியோக்களில் நான் அடிக்கடி காணும் குறை இது. ஒரு நிமிட வேலையில் தீரக்கூடியது.

கமராவின் நேரத்தை +5:30க்கு மாற்றுங்கள். துபாயிலோ தோக்கியோவிலோ வாங்கிய கமரா அந்த ஊர் நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். நேரம் சரியாக இருந்தால்தான், தொலைபேசியில் பதிந்த ஜிபிஎஸ் பாதையோடு படங்களைப் பின்னர் பொருத்தி, எது எங்கே எடுத்தது என்று கண்டுபிடிக்கலாம்.

ஒலிக்கும் இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். கமராவிலுள்ள மைக், காலி வீதியில் பஸ் ஹோர்னைத்தான் தெளிவாகப் பதியும். சட்டையில் குத்தும் வயர்லெஸ் மைக்கும் அதன்மேல் போடும் மென்மயிர் உறையும் வாங்கினால் கடற்காற்றையும் சமாளிக்கலாம். நம் வீட்டுக் கல்யாணங்களுக்குத் தனியாக ஒன்று. ஐயர் மந்திரம் சொல்லும் அளவுக்கு ஒலி மட்டத்தை வைத்துவிட்டு நிற்பீர்கள். தாலி ஏறும் கணத்தில் கெட்டிமேளம் முழங்கும். நாதஸ்வரமும் தவிலும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போக, பதிவு கிழிந்துவிடும். அதுவும் மறுபடி எடுக்கவே முடியாத அந்த அரை நிமிடத்தில். முகூர்த்தத்துக்கு முன் மேளகாரர் வாசிக்கும்போதே மட்டத்தைப் பார்த்து, உச்சம் −12 டெசிபெலைத் தாண்டாதபடி குறைத்துவையுங்கள். டிஜேஐ மைக் 2 போன்றவற்றில் 32 பிட் ஃப்ளோட் என்ற உள்பதிவு வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டால், அளவு மீறிய ஒலியையும் பின்னர் பெரும்பாலும் இறக்கி மீட்கலாம்.

ஐந்தாம் படி: வெயில்

உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 100, எஃப் 2.8, ஷட்டர் 1/50 என்று வைத்தால் வீடியோ வெள்ளையாக வெளிறிப்போகும். ஏறத்தாழ ஆறு ஸ்டொப் வெளிச்சத்தை வெட்ட வேண்டும்; ஒவ்வொரு ஸ்டொப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும். அதற்கு லென்ஸின் முன் மாட்டும் கருங்கண்ணாடியான என்டி64 வடிகட்டி சரியாக இருக்கும். காலையிலும் மாலையிலும் என்டி16 போதும்.

அக்‌ஷன் கமராவை வெயிலில் அசையாமல் வைத்து நெடுநேரம் பதிந்தால் சூடேறி நின்றுவிடும். காற்றுப்பட ஓடும் வண்டியில் இந்தச் சிக்கல் குறைவு. நிலையாக வைக்கும்போது நிழலில் வையுங்கள், துண்டு துண்டாகப் பதியுங்கள். காலிமுகத்திடலில் அந்தி எடுக்கப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குகிறது. மறைந்து இருபது நிமிடம் கடந்தால் நீல வெளிச்சமும் போய்விடும். வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்லும் நீண்ட பொன்னிற நேரம் இங்கே கிடையாது. ஐந்தரை மணிக்கே போய் இடம் பிடியுங்கள்.

ஆறாம் படி: ஈரமும் உப்பும்

இந்தப் படியைத் தவறவிட்டவர்களின் லென்ஸ்கள்தான் திருத்தும் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. கொழும்புக் காற்றின் ஈரப்பதன் பெரும்பாலான நாட்களில் 70 சதவீதத்துக்கு மேல். இருட்டான அலுமாரியில், துணிப்பைக்குள், மாதக்கணக்கில் கிடக்கும் லென்ஸ் பூஞ்சணத்துக்கு நல்ல விளைநிலம். மேயில் தொடங்கும் தென்மேல் பருவமழையும் ஒக்டோபர், நவம்பர் மழையும் இன்னும் மோசம்.

மின்சார ஈரநீக்கிப் பெட்டி வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், இறப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, சிலிக்கா ஜெல் அரைக் கிலோ, ஈரப்பதன் காட்டும் சிறு மானி ஒன்று போதும். உள்ளே 40 முதல் 50 சதவீதம் இருக்க வேண்டும். அதிகம் உலர்ந்தாலும் இறப்பர்ப் பாகங்களுக்கு நல்லதல்ல. சிலிக்கா ஜெல்லில் செம்மஞ்சள் நிறத்தை வாங்குங்கள். ஈரம் குடித்ததும் பச்சையாகும். நீலநிற ஜெல்லில் கோபால்ற் குளோரைட் என்ற நச்சு உண்டு, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். நிறம் மாறினால் சமையலுக்குப் பயன்படுத்தாத தனித் தட்டில் இட்டு, சுமார் 120 பாகையில் காயவைத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். அரிசிப் பானைக்குள் கமராவை வைக்க வேண்டாம். மாவும் தூசியும்தான் உள்ளே போகும்.

குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் வெள்ளையாகப் பூத்துக்கொள்வதைக் கண்டிருப்பீர்கள். வெளிக்காற்றின் ஈரம் ஏறத்தாழ 24 பாகையிலேயே நீராகப் படியும். 20 பாகை அறையில் குளிர்ந்த கண்ணாடி அதற்குக் கீழே இருக்கிறது. வெளியில் துடைப்பீர்கள், உள்ளே படிந்ததை யார் துடைப்பது? அறையைவிட்டு வெளியேறுமுன் கமராவை ஸிப் வைத்த பொலித்தீன் பைக்குள் போட்டு மூடி, வெளியே இருபது, முப்பது நிமிடம் அப்படியே வைத்துப் பிறகு திறவுங்கள். ஈரம் பையின்மேல் படியும், கமராவில் படியாது.

கடற்கரையிலிருந்து திரும்பிய அன்றே உப்பை அகற்ற வேண்டும். முதலில் ஊதுகுமிழால் ஊதி, சற்றே நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பரல் கண்ணாடியைக் கீறும். நீர்புகாத அக்‌ஷன் கமராவென்றால் நல்ல தண்ணீரில் கழுவலாம்.

ஏழாம் படி: வழி காட்டும் கருவிகள்

வழி தேடத் தனிக் கருவி வாங்குமுன் கையிலுள்ள தொலைபேசியை முழுமையாகப் பயன்படுத்துங்கள். ஜிபிஎஸ் என்பது செய்மதியிலிருந்து வரும் சமிக்ஞையைக் கேட்கும் கருவி மட்டுமே. அதற்கு டேட்டா தேவையில்லை. டேட்டா வேண்டியது வரைபடத்துக்கு. கூகுள் மெப்ஸில் கொழும்பையும் நீங்கள் போகும் மாவட்டங்களையும் வீட்டு வைஃபையில் முன்கூட்டியே தரவிறக்கிக்கொள்ளுங்கள். ஒழுங்கை, நடைபாதை எல்லாம் வேண்டுமானால் தன்னார்வலர்கள் வரைந்த ஓபன்ஸ்ட்ரீட்மெப்பை அடிப்படையாகக் கொண்ட ஒர்கானிக் மெப்ஸ் செயலி நல்ல துணை.

திறந்த வானின் கீழ் தொலைபேசி ஜிபிஎஸ் சுமார் 5 மீற்றருக்குள் இடத்தைச் சொல்லும். கோட்டையின் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலோ புறக்கோட்டையின் ஒடுங்கிய குறுக்குத்தெருக்களிலோ நீலப்புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவும். சமிக்ஞை சுவர்களில் பட்டுத் தெறித்து வருவதே காரணம். எல்1, எல்5 என்ற இரு அலைவரிசைகளையும் கேட்கும் கருவி, தெறித்து வந்ததை நேரே வந்ததிலிருந்து நன்றாகப் பிரித்தறியும். 2018இல் ஷியாவோமி மி 8 இந்த வசதியோடு வந்த முதல் கைத்தொலைபேசி. இன்று பல தொலைபேசிகளிலும் கடிகாரங்களிலும் உண்டு. பொதி விநியோகம் செய்பவர்களும் நகரில் ஓடிப் பயிற்சி எடுப்பவர்களும் இதைக் கேட்டு வாங்குங்கள். மற்றவர்களுக்கு அவசியமில்லை. தேடும்போது நாம் சொல்லும் பெயரும் வரைபடத்தின் பெயரும் வேறாக இருக்கலாம்: செட்டியார் தெரு அங்கே சீ ஸ்ட்ரீட், டுப்ளிகேஷன் வீதி ஆர்.ஏ. டி மெல் மாவத்தை.

மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் தொலைபேசியை நேரே பூட்டாதீர்கள். எஞ்சின் அதிர்வு கமராவின் நிலைப்படுத்தும் பாகத்தைக் கெடுக்கும் என்று அப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. அதிர்வு தாங்கும் பிடிகருவி வாங்குங்கள்.

வாகனத்துக்கு டேஷ்கேம் வாங்குபவர்கள், பற்றரிக்குப் பதில் சூப்பர் கெப்பாசிற்றர் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். வெயிலில் பூட்டிக் கிடக்கும் காருக்குள் பற்றரி ஊதிவிடும். இடைவிடாது எழுதி அழிப்பதைத் தாங்கும் கார்ட் தேவை. பெட்டியில் ஹை எண்டியூரன்ஸ் என்று இருக்கும்.

எட்டாம் படி: எங்கே எடுக்கக் கூடாது

துறைமுகம், சோதனைச் சாவடி, ஜனாதிபதி மாளிகைச் சுற்றாடல், இராணுவ முகாம் ஆகியவற்றை நோக்கிக் கமராவைத் தூக்காதீர்கள். கோவிலானாலும் விகாரையானாலும் பள்ளிவாசலானாலும் பொறுப்பானவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பதை முற்றாகத் தவிருங்கள்.

ட்ரோன் வாங்கும் ஆசை இருந்தால், முதலில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிவு, பாதுகாப்பு அமைச்சின் அனுமதி ஆகியவற்றை விசாரியுங்கள், பிறகு கடைக்குப் போங்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் ட்ரோன் பறக்க முற்றாகத் தடை விதிக்கப்பட்டிருந்தது. இன்றும் இதில் அதிகாரிகள் கண்டிப்பாகவே இருக்கிறார்கள். "இது எடை குறைந்தது, அனுமதி வேண்டாம்" என்ற கடைக்காரரின் பேச்சை நம்பி வாங்க வேண்டாம். கொழும்புக்குத் தெற்கே இரத்மலானை விமான நிலையம், வடக்கே கட்டுநாயக்க. நடுவில் பாதுகாப்பு வலயங்கள். முதன்முறை பறக்கவிடப் பழகுவதற்கு இந்த நகரம் ஏற்ற இடமல்ல.

ஒன்பதாம் படி: வீடு திரும்பிய பின்

அன்றன்றே கார்டிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து வெளி ஹார்ட் டிஸ்க்குக்கும் நகலெடுங்கள். இரண்டு இடத்தில் திறந்து பார்த்த பிறகே கார்டை அழியுங்கள். அதையும் கணினியில் செய்யாமல், கமராவின் மெனுவிலுள்ள ஃபோர்மட் கட்டளையால் செய்யுங்கள். பொதுவெளியில் பகிருமுன் படத்தோடு ஒட்டியிருக்கும் இடத்தகவலை நீக்கிவிடுங்கள். வீட்டு முற்றத்தில் எடுத்த பிள்ளையின் படம் உங்கள் வீட்டு வாசலின் ஆள்கூறுகளையும் சுமந்துகொண்டு போகும். அன்ட்ராய்டிலும் ஐபோனிலும் பகிரும் இடத்திலேயே இதை நிறுத்தும் தெரிவு இருக்கிறது.